முழங்காலுக்கு அடியில் வைத்த தலையணை

வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஒன்பது மாதங்கள் ஆகின்றன. சிகிச்சை நல்லபடியாகவே நடந்தது. மறுநாளே வாக்கரைப் பிடித்து நடக்கவைத்தார்கள். 5-ஆம் நாள் மதுரையிலிருந்து மேலூருக்கு அனுப்பிவிட்டார்கள். 14-ஆம் நாள் தையல் பின்களை எடுத்தார்கள். அதுவரை எனக்கு எந்தக் குறையும் இல்லை. எது இயல்பான வலி, எது கவலைப்பட வேண்டிய வலி என்று எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் வீட்டில் கிடந்த நாட்களைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

பகலில் ஓரளவு பொறுத்துக்கொள்ள முடிந்த வலி, இரவில் விளக்கை அணைத்ததும் வேறு மாதிரி ஆகிவிடும். காலை நேராக நீட்டிப் படுத்தால், முழங்காலின் பின்பக்கத்தில் கயிறு கட்டி இழுப்பதுபோல் இருக்கும். ஒரு நாள் முழங்காலுக்கு அடியில் தலையணையை மடித்து வைத்துப் பார்த்தேன். உடனே இதமாக இருந்தது. அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. நடு இரவில் தலையணை நழுவினால் என் கணவர் எழுந்து சரிசெய்து வைப்பார். மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘உடற்பயிற்சியைத் தொடரவும்’ என்று ஒரே ஒரு வரி இருந்தது. எத்தனை நாள், யாரிடம், எப்படிப் படுக்க வேண்டும் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கேட்டுக்கொள்ள வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

ஆறாவது வாரப் பரிசோதனைக்குப் போனபோது, மூன்று மணி நேரம் காத்திருந்த பிறகு எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்து, மூட்டு நன்றாகப் பொருந்தியிருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூட்டு பொருந்தியிருந்தது உண்மைதான். ஆனால் நான் இடுப்பை ஒருபக்கம் சாய்த்துத்தான் நடந்துகொண்டிருந்தேன்.

மனம் ஆறாமல் எங்கள் ஊரிலேயே ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்த்தேன். என் மகள் வயதுதான் இருக்கும். கட்டிலில் காலை நீட்டச் சொன்னார். முழங்காலுக்கும் மெத்தைக்கும் இடையே அவர் கை தாராளமாக நுழைந்தது. கோணம் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, “அம்மா, ராத்திரி காலுக்கு அடியில என்ன வைக்கிறீங்க?” என்றார். நான் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டார். முழுதாக நீள வேண்டிய கால் 15 டிகிரி வளைந்தே நின்றது. மடக்கினால் 85 டிகிரியைத் தாண்டவில்லை. வளைந்த நிலையிலேயே வாரக்கணக்கில் ஓய்வெடுத்தால், மூட்டின் பின்புறத் திசுக்கள் அப்படியே சுருங்கி இறுகிவிடும் என்றும், கால் நீளாவிட்டால் நிற்கும்போதெல்லாம் தொடைத் தசை ஓய்வில்லாமல் உழைத்துக் களைத்துப் போகும் என்றும் அவர் விளக்கினார். தலையணையை வைப்பதானால் குதிகாலுக்கு அடியில் வைக்க வேண்டும். முழங்கால் தாங்கல் இல்லாமல் அந்தரத்தில் இருந்து, தானாக நேராக வேண்டும். மூன்றாம் மாதத்துக்குள் தேறாவிட்டால், மயக்க மருந்து கொடுத்து மருத்துவரே மடக்கிவிட வேண்டிவரலாம் என்றும் சொன்னார். அன்று இரவு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்துப் பத்து நிமிடம் படுத்திருந்தபோது, வலி தாங்காமல் அழுதேன்.

இதில் பணத்துக்காகவும் அலைய வேண்டியிருந்தது. டிஸ்சார்ஜ் ஆன பிறகு 60 நாட்களுக்கான செலவை என் காப்பீடு தரும். ஆனால் மருத்துவரின் எழுத்துப்பூர்வமான பரிந்துரை இல்லை என்று பிசியோதெரபி ரசீதுகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதைச் சம்மரியில் எழுதித் தரச் சொல்லி, வீங்கிய காலோடு சுமார் 30 கிலோமீட்டர் காரில் மருத்துவமனைக்குப் போய் நின்றால், கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “டிஸ்சார்ஜ் ஆனதுக்கப்புறம் எதையும் சேர்க்க முடியாதுங்க” என்று சொல்லிவிட்டார். அன்று வந்த வழியே திரும்பினோம். அடுத்த வாரம் மறுபடியும் போனபோது, வார்டில் என்னைக் கவனித்துக்கொண்ட சிஸ்டர்தான், சம்மரியைத் திருத்த வேண்டியதில்லை, மருத்துவரின் லெட்டர்பேடில் தனிக் கடிதம் வாங்கினால் போதும் என்று சொல்லிக் கையோடு வாங்கியும் கொடுத்தார். நான் சென்ற 24 முறைகளில் 60 நாட்களுக்குள் அடங்கிய 11 முறைக்கு மட்டும் பணம் வந்தது. ஆறு வாரங்களை வீட்டிலேயே கழித்ததால் மற்றது போயிற்று.

மூன்றாம் மாதத்தில் இன்னொரு பயம் வந்தது. புதிய முழங்கால் மற்றதைவிடச் சூடாகவே இருந்தது. தழும்பின் வெளிப்பக்கம் தொட்டால் உணர்ச்சியே இல்லை. எழுந்து நடக்கும்போது உள்ளே ‘டக்’ என்று சத்தம் கேட்டது. கிருமித் தொற்றுதான் என்று முடிவே கட்டிவிட்டேன். ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. சூடும் மாலை நேர வீக்கமும் பல மாதங்கள் நீடிப்பது உண்டு என்றும், தோலுக்குப் போகும் சிறு நரம்பு வெட்டுப்பட்டதால்தான் மரத்துப்போயிருக்கிறது என்றும், சத்தம் உலோகமும் பிளாஸ்டிக்கும் தொட்டுக்கொள்வதால் வருவது என்றும் அப்போதுதான் மருத்துவர் சொன்னார். இதை வீட்டுக்கு அனுப்பும் அன்றே சொல்லியிருந்தால் எத்தனையோ இரவுகள் தூங்கியிருப்பேன். ஆனால் காய்ச்சலோடு சிவப்பு பரவினாலும், காயத்திலிருந்து நீர் வடிந்தாலும், குறைந்துவந்த வலி மறுபடியும் ஏறினாலும், கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலும், மூச்சுத் திணறினாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரவானாலும் கிளம்பிவிட வேண்டும்.

இப்போது கால் மூன்று டிகிரி குறையாக நீள்கிறது, 110 டிகிரி வரை மடங்குகிறது. காலையில் எழுந்ததும் முதல் பத்து அடிகள் மரக்கட்டையாக இருக்கும், பிறகு இளகிவிடும். போன வெள்ளிக்கிழமை அழகர்கோவிலுக்குப் போய்க் கைத்தடி இல்லாமல் பிரகாரத்தைச் சுற்றி வந்தேன்.

இடது காலுக்குத் தை மாதம் நாள் கேட்டிருக்கிறேன். பிசியோதெரபி எத்தனை வாரம் என்பதும், படுக்கும் முறையும் சம்மரியில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று படித்துப் பார்க்காமல் இந்த முறை கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்று மருத்துவரிடமே சொல்லிவிட்டேன்.