சோடியாய் ஓடவோ, தனியவோ?

ரொறன்ரோவில் ட்ரக் பழகும் மச்சான் நேற்றுக் கதைத்தான். முதலில் இன்னொரு சாரதியோடு சோடியாய் ஓடுவதோ, தனிய ஓடுவதோ என்று கேட்டான். அமெரிக்காவுக்குள் ஒருவர் 11 மணித்தியாலம் ஓடினால், அடுத்த ஓட்டத்துக்கு முன் 10 மணித்தியாலம் ஓய்வெடுத்தே ஆக வேண்டுமாம். இரண்டு பேரைப் போட்டால் ஒருவர் பின்னால் படுக்க, மற்றவர் ஓடலாமாம்.

ஓடுகிற வண்டியில் உனக்கு நித்திரை வருமா என்று கேட்டேன்.

கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு நெல் ஏற்றிய முதல் வருடம் எனக்கும் ஒரு அண்ணை கூட வந்தார். முறிகண்டியில் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, மாங்குளம் தாண்டியதும் ஸ்டியரிங்கைத் தந்துவிடுவார். பாரத்தோடு இறக்கத்தில் கியர் குறைக்கவும், இரவில் யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்தவும் அவரிடம்தான் பழகினேன். ஆனால் அவர் ஓடும்போது நான் கண் மூடியதில்லை. அவர் பிரேக் பிடித்தால் என் காலும் சேர்ந்து அழுத்தும். நான் ஓடினால் அவர் குறட்டை!

சரி, மச்சான் ஆறு மாதம் சோடியாய் ஓடட்டும். குறட்டை விடாத ஆளாய்ப் பார்த்து.