கோப்பையைப் பிடுங்காத குறையாக வாங்கிய கேப்டன்

ஐஸ் ஹாக்கியில் ராட் பிரிண்டமோர் என்றாலே எனக்கு 2006 ஜூன்தான். இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் எட்மன்டனை 3-1 என்று சாய்த்து, அவர் கேப்டனாக இருந்த கரோலைனா ஹரிக்கேன்ஸ், வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லின் சாம்பியனுக்குத் தரும் ஸ்டான்லி கோப்பையை வென்றது. கோப்பையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று என்.எச்.எல். கமிஷனர் கேரி பெட்மன் பார்க்கிறார், இவர் எங்கே நின்றார், பிடுங்காத குறையாக வாங்கித் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். பின்னே? செயின்ட் லூயிஸில் ஆரம்பித்து, பிலடெல்பியாவில் பல வருஷம் உழைத்து, 2000இல் கரோலைனாவுக்கு மாற்றப்பட்ட மனுஷன்.

கோல் அடிக்கிறவரைத்தான் ஊரே கொண்டாடும். இவரோ தற்காப்பிலும் கெட்டியான ஃபார்வர்டுக்குத் தரும் செல்கி விருதை 2006, 2007 என இரண்டு முறை வாங்கியவர். அவரது ஜிம் வெறி தனிக்கதை.

2010இல் ஓய்வு. அப்புறம் அதே அணியில் உதவிப் பயிற்சியாளர், 2018இல் தலைமைப் பயிற்சியாளர். 2009க்குப் பிறகு பிளேஆஃப் (லீக் ஆட்டங்களுக்குப் பிறகு கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) பக்கமே எட்டிப்பார்க்காத அணி, இவரது முதல் சீசனிலேயே கோப்பை இறுதித் தொடருக்கு முந்தைய கட்டமான கிழக்குப் பிரிவு இறுதி வரை போனது. 2021இல் சிறந்த பயிற்சியாளருக்கான ஜாக் ஆடம்ஸ் விருதும் வந்தது.

ஆனால் 2023இலும் 2025இலும் அதே கிழக்குப் பிரிவு இறுதியில் வழிமறித்தது ஃப்ளோரிடா பாந்தர்ஸ். அதிலும் 2023இல் தோற்ற நாலு ஆட்டமும் ஒரே ஒரு கோல் வித்தியாசம்!