மாப்பிள்ளையின் கால்

மாப்பிள்ளையிடம் "கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க" என்று நேராகச் சொல்ல முடியாத மாமனார் என்னவெல்லாம் செய்வார் என்று தெரிய வேண்டுமா? எங்கள் காரின் பின்சீட்டில் வந்து உட்காருங்கள். இடம் இருக்காதுதான். ஆனால் அம்மா மடியிலிருக்கும் தூக்குச்சட்டியைக் கொஞ்சம் நகர்த்தினால் ஒரு ஆள் ஒடுங்கிக்கொள்ளலாம்.

முதலில் இருமல். முள் நூறைத் தொட்டால் ஒரு இருமல், நூற்றுப்பத்துக்கு இரண்டு. அதற்கு மேல் போனால் அம்மாவே பயந்து தண்ணீர் பாட்டிலை நீட்டிவிடுவாள். அடுத்தது கால். இடதுபக்க சீட்டில் பிரேக் கிடையாது என்பதை அப்பாவின் வலது கால் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. டோல்கேட் வந்தால் போதும், காலடியிலிருக்கும் ரப்பர் மேட்டை ஓங்கி மிதிப்பார். அந்தப் பக்க மேட் தேய்ந்து அடியில் தகரம் தெரிகிறது. இது இரண்டும் பலிக்காவிட்டால் கடைசி ஆயுதம் சின்னவன்.

"கண்ணா, அந்த லாரி டிரைவரப் பாரு, எவ்வளவு பொறுமையா போறாரு. புள்ளகுட்டிக்காரர் போல இருக்கு."

"அப்பாவும்தான் புள்ளகுட்டிக்காரர், தாத்தா" என்றான் சின்னவன். நானும் அதே சந்தேகத்தில்தான் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

இவர் காதில், அதாவது என் வீட்டுக்காரர் காதில், எதுவும் விழாது. இவருடைய கால் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆக்சிலரேட்டருக்கு இரண்டே நிலைதான்: மேலே, அல்லது தரையோடு தரையாக. முன்னால் போகும் வண்டியின் பின்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சாமி படத்துக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் தூரம் வரை போய், அங்கே பிரேக். மறுபடி மிதி, மறுபடி பிரேக். பெருங்களத்தூரிலிருந்து சமயபுரம் வரைக்கும் அம்மா பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடுவதுபோல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே வந்தாள்.

அப்பாவுக்கு வேகத்தில்கூட அவ்வளவு வருத்தமில்லை. டீசலில்தான். அரசு பஸ் ஓட்டியவர். டெப்போவில் ஒவ்வொரு டிரைவரும் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் எடுத்தார் என்று கணக்குப் பார்ப்பார்கள். கே.எம்.பி.எல். என்பார்கள். பெயரோடு சேர்த்துப் பலகையில் எழுதியும் போடுவார்கள். ஐந்து சொச்சம்தான் ஒரு பஸ் கொடுக்கும். அந்தச் சொச்சத்தில்தான் மானமே இருக்கும். குறைந்தால் மேலே கூப்பிட்டுக் கேட்பார்கள், அப்புறம் மெமோ. அப்பா பெயர் எப்போதும் பலகையின் மேல்பக்கம்தான். நான் பிறந்த மாதம் அவருக்கு முதலிடம். ஆஸ்பத்திரிக்கு அவர் கொண்டுவந்த ஸ்வீட் டப்பா எனக்காகவா, பலகைக்காகவா என்று அம்மாவுக்கு இன்றுவரை சந்தேகம்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு இப்பேர்ப்பட்ட மாப்பிள்ளை. கட்டிக்கொடுத்தவரும் அவரேதான், நான் வாயே திறக்கவில்லை.

வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2012 டிசையர், டீசல். உள்ளே இருப்பது ஃபியட்காரனின் 1.3 லிட்டர் மல்டிஜெட். ஒரு காலத்தில் இந்தியாவில் பாதிக் கம்பெனிகள் அதே எஞ்சினை வெவ்வேறு பெயரில் மாட்டி விற்றார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் மாருதியில் டீசலையே நிறுத்திவிட்டார்கள். அதனால் இவர் இந்த வண்டியைப் பாட்டனார் சொத்து மாதிரி பேசுவார். நடத்துவது மட்டும் வேறு மாதிரி. "கம்பெனி 23.4-னு போட்டான், 17-தான் குடுக்குது, எல்லாம் ஏமாத்து மாமா" என்பது இவருடைய நிரந்தரப் புலம்பல். பெரியவள் ஒருநாள் எங்கோ படித்துவிட்டு வந்து, அந்த 23.4 என்பது வண்டியை உருளைமேல் ஏற்றி வைத்து, ஏசி போடாமல், ஓர் அட்டவணைப்படி ஓட்டி எடுக்கிற கணக்கு, அந்த அட்டவணையில் உச்ச வேகமே 90-தான் என்றாள். இவர் அவளுடைய கெமிஸ்ட்ரி மார்க்கைப் பற்றிக் கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். லால்குடிப் பக்கம் பங்காளி வீட்டுக் காதுகுத்து. போகும்போது இவர் ஓட்டினார். கிளம்பும் முன் பெருங்களத்தூர் பங்க்கில் ஃபுல் டேங்க், திருச்சி போனதும் மறுபடி ஃபுல் டேங்க். 302 கிலோமீட்டர், 17.2 லிட்டர். அப்பா பாக்கெட் நோட்டில் வகுத்துப் பார்த்தார். 17.6. நோட்டை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். இழவு வீட்டில்கூட அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"இந்த வண்டி அவ்வளவுதான் மாமா குடுக்கும். நீங்க ஓட்டினாலும் அவ்வளவுதான்."

"இருக்கும் மாப்பிள்ளை, இருக்கும்."

அதோடு முடிந்திருக்க வேண்டும். அம்மா சும்மா இருந்தாளா? "ஏங்க, வரும்போது நீங்கதான் ஓட்டிக் காட்டுங்களேன்" என்றாள். நாற்பது வருடமாக எரிகிற அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு எங்கே ஊதினால் பற்றும் என்று தெரியாதா என்ன.

திரும்பும் நாள் காலை ஐந்து மணிக்கே அப்பா டிக்கியைத் திறந்து நின்றார். இவருடைய கிரிக்கெட் கிட், ஜிம்முக்குப் போகிற ஆசையில் வாங்கி அன்றிலிருந்து டிக்கியிலேயே வசிக்கும் டம்பெல் இரண்டு, கொடைக்கானல் போன வருஷம் வைத்த தண்ணீர் கேன், எல்லாவற்றையும் இறக்கிச் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் வைத்தார். அந்த இடத்தில் சித்தி ஒரு மூட்டை அரிசியையும் தேங்காய்களையும் ஏற்றியதால் எடை கூடத்தான் செய்தது. அது வேறு கதை. அடுத்து டயர். வண்டி சூடாவதற்கு முன்னால் காற்று பார்க்க வேண்டுமாம், சூடானால் அளவு ஏற்றிக் காட்டுமாம். மூன்று டயரில் 27, ஒன்றில் 24. கதவோரம் ஒட்டியிருக்கிற அட்டையைப் படித்துப் பார்த்து, அதில் சொன்னபடி நாலுக்கும் அடித்துக்கொண்டு வந்தார். "காத்தடிச்சதுக்கே ரெண்டு கிலோமீட்டர் ஏறிடும், இதெல்லாம் போட்டில சேராது" என்று இவர் அப்போதே ஆட்சேபணையைப் பதிவு செய்துவிட்டார்.

அப்பா ஓட்டுவதைப் பற்றி என்ன சொல்ல. எண்பது. அவ்வளவுதான். எண்பதில் ஏற்றி அங்கேயே நிறுத்தினார். டீசல் எஞ்சினை முறுக்கக் கூடாது, இரண்டாயிரம் சுற்றுப் பக்கம் வந்ததும் அதற்கு இருக்கிற பலமெல்லாம் வந்துவிடும், சத்தம் கனக்க ஆரம்பிக்கும்போதே அடுத்த கியர் என்பது அவர் வேதம். முள்ளைக்கூடப் பார்ப்பதில்லை, காதாலேயே போடுகிறார். தூரத்தில் டோல்கேட் கூரை தெரிந்த உடனே காலை எடுத்துவிடுவார். பிரேக் போடமாட்டார். கியரிலேயே வண்டி தானாக உருண்டு உருண்டு குறைந்து, ஃபாஸ்டேக் பீப் அடிக்கிற இடத்துக்குக் கணக்காகப் போய்ச் சேரும்.

"இப்படி உருட்டுறதுக்கு நியூட்ரல் போட்டுடலாமே மாமா" என்றார் இவர். இறக்கம் எங்கே வந்தாலும் நியூட்ரல் போடுவதுதான் இவர் அறிந்த ஒரே சிக்கனம்.

அப்பா முகம் போன போக்கைக் கண்ணாடியில் பார்த்தேன். ஆனால் பதில் சின்னவனுக்குத்தான் போனது. "கண்ணா, கியர்ல இருக்கும்போது சக்கரமே எஞ்சினைச் சுத்திவிடும், அப்ப டீசலே உள்ள போகாது. நியூட்ரல்ல விட்டா எஞ்சின் தானா சுத்தணும், அதுக்கு டீசல் வேணும். எறக்கத்துல பிரேக் மேல பாரம் வேற. யாராவது நியூட்ரல் போட்டா நீ போடக் கூடாது, சரியா?" எட்டு வயதுப் பையன் பவ்யமாகத் தலையாட்டினான். இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். இருமல் இப்போது இவருக்கு வந்தது.

உளுந்தூர்பேட்டை தாண்டுவதற்குள் தமிழ்நாட்டிலுள்ள அத்தனை வாகனமும் எங்களைத் தாண்டிப் போய்விட்டது. ஆம்னி பஸ், டெம்போ, மாப்பிள்ளை அழைப்புக்குப் போகும் வேன், தண்ணீர் லாரி. ஒரு கட்டத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று வலதுபக்கம் இண்டிகேட்டர் போட்டது, சத்தியமாக. இவருடைய வலது கால் மேட்டை மிதித்துக்கொண்டே வந்தது. பிரேக் இல்லை, ஆக்சிலரேட்டர். தகரத்துக்கு இரண்டு பக்கமும் அடி. பெரியவள் இதுதான் சமயம் என்று, காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கப்படி ஏறும், 80-க்குப் பதில் 110-இல் போனால் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். "படிப்புல இந்த அக்கறை இருந்தா எங்கயோ போயிருப்ப" என்றார் இவர். அது படிப்புதான் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

இத்தனைக்கும், போனதைவிட வந்ததற்கு முக்கால் மணி நேரம்தான் கூட ஆனது. அதிலும் பாதியை வண்டலூரில் எல்லாரும் சேர்ந்து நின்றதில் கழித்துக்கொள்ளலாம். எங்களைக் கிழித்துக்கொண்டு போன சிவப்பு நிற எஸ்.யு.வி. அங்கே எங்களுக்கு இரண்டு வண்டி முன்னால் நின்றுகொண்டிருந்தது. அப்பா அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ரொம்ப நேரம் பார்த்தார்.

மறுபடி அதே பெருங்களத்தூர் பங்க். இவர் இறங்கி டாய்லெட் பக்கம் போனார். அப்பா பங்க் பையன் பக்கத்தில் போய் நின்றார். நான் பின்சீட் ஜன்னலோரம், மீட்டர் எனக்கு நேர் எதிரே. 12.84-இல் டேங்க் நிறைந்து டீசல் துப்பாக்கி டக்கென்று தானே நின்றது. மனக்கணக்கே போதும், 23-க்கு மேல். கம்பெனிக்காரன் சொன்ன கணக்கு, அரிசி மூட்டையோடு, தேங்காயோடு, அம்மாவோடு. எனக்குக் கைதட்டலாம் போல இருந்தது.

அப்பா திரும்பி டாய்லெட் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் பையனிடம் குனிந்து ஏதோ சொல்லி, ஆள்காட்டி விரலை மேலே காட்டினார். பையன் மறுபடி துப்பாக்கியை மாட்டி, விரல் நுனியால் பிடித்துப் பிடித்து மெதுவாக விட்டான். நுரை அடங்க நிறுத்துவான், மறுபடி விடுவான். 14 ஆனது. அப்பா இன்னும் என்றார். 15. இன்னும். கழுத்து வரை டீசல் வந்து பளபளத்தபோது மீட்டரில் 16.6. பென்ஷன் பணத்தைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து எண்ணிக் கொடுத்தார்.

இவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "எவ்வளவு மாமா?"

"16.6 மாப்பிள்ளை. பதினெட்டுதான் வருது."

"நான்தான் அப்பவே சொன்னேனே! இந்த வண்டி அவ்வளவுதான்."

"ஆமா மாப்பிள்ளை. நீங்க சொன்னது சரிதான்."

வீட்டுக்கு வந்து சமையலறையில் பிடித்துக்கொண்டேன். ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்க என்றால், வாழைப்பூவை ஆய்ந்துகொண்டே சொல்கிறார்: "டெப்போன்னா மெமோவைக் குடுத்துட்டு வீட்டுக்கு வந்துடலாம் பாப்பா. வீட்டுல குடுத்துட்டு எங்க போறது?" அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. சட்டைப்பையிலிருந்த நோட்டை நான் பிற்பாடு எடுத்துப் பார்த்தேன். 302, அதன் கீழே 12.84, அதன் கீழே 23.5 என்று எழுதி, இரண்டு கோடு போட்டு அடியில் தேதியும் போட்டிருந்தார். அதை மட்டும் விட மனசு வரவில்லை போல.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. கழுத்து வரை ஊற்றிய டீசல் எங்கும் போய்விடவில்லை, டேங்க்கில்தான் இருக்கிறது. அதற்கப்புறம் ஆபீசுக்கும் ஸ்கூலுக்கும் 190 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நேற்று இவர் போய் டேங்க்கை நிரப்பினார். துப்பாக்கி நின்றதும் நிறுத்திவிட்டார். அப்பா அதிகமாக ஊற்றிவைத்தது இருந்ததால் 9.8 லிட்டர்தான் பிடித்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஹாலுக்குள் வந்து நின்று கத்துகிறார்: "மாமா! சிட்டி டிராஃபிக்ல 19.4! நீங்க ஹைவேலயே 18 தான எடுத்தீங்க!"

அப்பா பேப்பரை இறக்கி, "அப்படியா மாப்பிள்ளை! பெரிய விஷயமாச்சே" என்றார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. பஸ் ஓட்டியதற்குப் பதில் நாடகத்துக்குப் போயிருக்கலாம்.

இவர் உடனே ஃபேமிலி குரூப்பில் பில்லைப் போட்டோ எடுத்துப் போட்டாயிற்று. எனக்கு மூன்று பல் ஆட ஆரம்பித்துவிட்டது, கடித்துக் கடித்து. ராத்திரி சாப்பிடும்போது ரசத்தைப் பிசைந்துகொண்டே, டீசல் வண்டியில் மைலேஜ் எடுப்பது எப்படி என்று அப்பாவுக்குப் பாடம் வேறு. பயந்து பயந்து மிதித்தால் எஞ்சின் அடைத்துக்கொள்ளுமாம், நன்றாக முறுக்கி ஓட்டினால்தான் திறக்குமாம். அப்பா "ஓ, ஓ" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் மெரினா போகும்போது, பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டியே காட்டுகிறாராம்.

அப்பா சரி என்றிருக்கிறார். அம்மா மட்டும் எலக்ட்ரிக் டிரெயினில் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். நானும் அவளோடு.