ரோசம்மாவுக்கு ஓட்டு போட்டவங்க

இன்னைக்கு மூணாறு ஸ்டாண்டுல பஸ்ஸுக்கு நிக்கும்போது பக்கத்துல இருந்த பாட்டி சொன்னாங்க, "எங்கம்மா ரோசம்மாவுக்கு ஓட்டு போட்டவ தம்பி."

கொழுந்து கிள்ளும்போது இடுப்புல கட்டுற படங்குச் சாக்கைக்கூட அவுக்காம, என்னைய முதுகுல இப்படி கட்டிக்கிட்டு போனாளாம்னு, போர்வைய முன்னாடி இழுத்து முடிச்சு போட்டே காட்டுனாங்க.

ரோசம்மா புன்னூஸ். அப்ப எங்க தேவிகுளம் தொகுதி எம்எல்ஏ. 1957-ல கேரளாவோட முதல் சட்டசபைல முதல் ஆளா பதவிப்பிரமாணம் எடுத்தவங்க, தற்காலிக சபாநாயகரும் அவங்கதான்.

அப்புறம் எதிர்வேட்பாளரோட மனுவை தள்ளுபடி பண்ணது தப்புன்னு அந்தத் தேர்தலே செல்லாதுன்னு தீர்ப்பு வந்திருச்சு, 1958-ல இடைத்தேர்தல், மறுபடியும் மலையேறி ஓட்டு கேட்டு மறுபடியும் ஜெயிச்சாங்க. காஞ்சிரப்பள்ளிக்காரங்க அவங்க, ஓட்டு போட்டதுல பாதிக்கு மேல எங்கள மாதிரி தமிழ் பேசுற, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள்ல இருக்குற லயத்து சனமாத்தான் இருக்கும், கொழுந்து கிள்ளுற பொம்பளைங்க ஒரு பொம்பளைய அசெம்பிளிக்கு அனுப்புன காலம் அது, நினைச்சாலே பெருமையா இருக்கு.

பிறகு 1987-ல ஆலப்புழாலயும் எம்எல்ஏ ஆனாங்க. 2013-ல போய்ச்சேர்ந்தப்ப வயசு 100.

லயத்துப் புள்ளைங்க உக்காந்து படிக்க அந்தம்மா பேர்ல இங்க ஒரு லைப்ரரி வரணும். யாராச்சும் முன்னெடுத்தா நான் கூட வர்றேன்.