ஃபர்ஸ்ட் இயர் பிராக்டிகல்: நீங்கள் யாரைக் கண்டு பயப்படுகிறீர்களோ அவரையே பார்ட்னராக்குங்கள்

முதல் வருஷ ரிசல்ட் வந்தாச்சு. சேலத்தில் அடுத்து எழுதப்போகும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று: எம்.பி.பி.எஸ். பாஸாவதற்கு வகுப்பு ரேங்க் கிடையாது. மார்க் எடுத்தால் மொத்த பேட்ச்சும் பாஸ். ரேங்க் என்பது மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் பிஜியில்தான். அங்கே இரண்டு லட்சம் பேருக்கு மேல் எழுதுகிறார்கள். பக்கத்து ரூம்காரரிடம் நோட்ஸை ஒளிப்பதால் அங்கே எதுவும் மாறாது.

ஆனாலும் ஒளிக்கிறார்கள். "எம்ப்ரியாலஜி (கரு வளர்ச்சிப் பாடம்) இன்னும் தொடவே இல்லப்பா" என்பவர் மூன்றாவது ரிவிஷனில் இருப்பார். சீனியர் தந்த வைவா (வாய்மொழித் தேர்வு) கேள்விகள் நாலு பேரைத் தாண்டாது. மனசு நோகும்தான். தியரியைத் தனியாகப் படித்துக் கரையேறலாம். ஃபிசியாலஜி பிராக்டிகலுக்கு இன்னொரு உடம்பு வேண்டும்.

பிபியை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் சுற்றும் பட்டையான கஃப்பின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2-3 செ.மீ. மேலே. முதலில் நாடி பிடித்து சிஸ்டாலிக் (மேல் அளவு) பார்க்க வேண்டும். அதற்கு மேல் 30 மி.மீ. ஏற்றி, நொடிக்கு 2-3 மி.மீ. வீதம் இறக்க வேண்டும். அவசரத்தில் பலர் விடுவது நாடி பார்ப்பதை. ஆஸ்கல்டேட்டரி கேப் (நடுவில் சத்தம் மறைந்து மறுபடி வருவது) உள்ளவருக்கு சிஸ்டாலிக் குறைவாக வந்துவிடும். எக்ஸாமினரும் அதைத்தான் கேட்பார். முழங்கால் ரிஃப்ளெக்ஸ் வரவில்லையா? இரு கை விரல்களையும் கொக்கி போட்டு இழுக்கச் சொல்லி, இழுக்கும்போதே தட்டுங்கள். தப்பைப் பார்த்துச் சொல்ல எதிரில் ஆள் வேண்டும். படிப்பில் முந்திவிடுவார் என்று யாரைக் கண்டு பயமோ அவரிடமே போய்க் கேளுங்கள். முதல் நாள் நீங்களே உங்கள் நோட்ஸைக் கொடுத்துவிடுங்கள். மறுத்தால் அடுத்தவரிடம் போங்கள், கெஞ்ச வேண்டாம்.

நாலு பேருக்கு மேல் சேராதீர்கள், அரட்டையாகிவிடும். கல்லூரி இருக்கும் ஸ்டீல் பிளான்ட் ரோட்டிலிருந்து புது பஸ் ஸ்டாண்டு வரும் பஸ்ஸிலேயே வைவா கேட்டுக்கொள்ளலாம். வாய்விட்டுச் சொல்லாத பதில் தேர்வு மேஜையில் வராது. இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஸ்பாட்டருக்கு (மைக்ரோஸ்கோப்பில் வைத்த ஸ்லைடைப் பார்த்து எந்த உறுப்பு என்று எழுதுவது; பெல் அடித்தால் அடுத்ததற்கு நகர வேண்டும்):

- ஸ்லைடை நிறம், வடிவம் வைத்து மனப்பாடம் செய்யாதீர்கள். வேறு ஸ்லைடு வைத்தால் போச்சு.
- ஹாசல்ஸ் கார்ப்பசல் இருந்தால் தைமஸ். ஸ்ட்ராட்டிஃபைட் ஸ்குவாமஸ் எபிதீலியமும் கிரிப்ட்டும் இருந்தால் டான்சில். கேப்சூலுக்குக் கீழே சைனஸ் இருந்தால் லிம்ஃப் நோட். ஃபாலிக்கிளுக்குள் ஓரமாக ஆர்ட்டீரியோல் இருந்தால் ஸ்ப்ளீன்.
- அடையாளக் காரணம் குறைந்தது இரண்டு எழுதுங்கள்.
- முன்னால் பார்த்தவர் கை பட்டு ஃபோகஸோ பாயின்டரோ நகர்ந்திருந்தால் நீங்கள் திருப்பாதீர்கள். பெல் அடிக்கும் முன்பே கையைத் தூக்கி அங்கிருக்கும் ஆசிரியரிடம் சொல்லுங்கள். அடித்த பிறகு சொன்னால் அந்த நிமிஷம் திரும்பக் கிடைக்காது.