எம்.பி.க்களுக்கு வீடு சரி, சாப்பாடு?

நாடாளுமன்ற கேன்டீனில் மானிய விலைச் சாப்பாட்டை 2021 ஜனவரியில் நிறுத்தினார்கள். நல்லது. கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டால் தினப்படி உண்டு; 2025-இல் அதையும் 2,000-லிருந்து 2,500 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள். மாதச் சம்பளம் 1,24,000 தனி. அப்புறம் சாப்பாட்டுக்கு வேறு நம் வரிப்பணம் எதற்கு?

ஆனால் டெல்லியில் கொடுக்கும் வீட்டை நான் குறை சொல்ல மாட்டேன். தென்காசியிலிருந்து ஜெயித்துப் போகிறவர் அங்கே கைக்காசில் வாடகை கொடுக்க வேண்டும் என்றால், வசதி உள்ளவர் மட்டும்தான் தேர்தலில் நிற்பார். (இப்போதே பெரும்பாலும் அப்படித்தான், அது வேறு கதை.) என் கோபமெல்லாம், பதவி போன பிறகும் பங்களாவைக் காலி செய்யாமல் உட்கார்ந்திருப்பவர்கள் மேல்தான். அவர்களிடம் சந்தை வாடகையை வட்டியோடு வசூலிக்க வேண்டும்.