41 கொட்டான்

எங்கள் ஊர் சாயல்குடிப் பக்கம். கண்மாய்க் கரையில் நின்ற பனைகள் ஒவ்வொன்றாகச் செங்கல் சூளைக்கு விறகாகப் போயின. அடிக்கட்டைகளை எண்ணிப் பார்த்தோம், 41. பனை மாநில மரம். வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்தார்கள். சரி, திங்கட்கிழமை குறைதீர்ப்புக் கூட்டத்தில் மனு கொடுக்கலாம் என்று முடிவானது. எனக்குத்தான் வெறும் தாளை நீட்ட மனசில்லை. ஓலைப்பாயிலேயே 'பனையை வெட்டாதே' என்று முடைந்து கொண்டுபோக ஆசை.

அப்பத்தாவும் தெருவில் ஐந்து பேரும் முடையத் தெரிந்தவர்கள். விஷயத்தைச் சொன்னதும் அப்பத்தா கேட்டது ஒன்றுதான்: "கூலி எவ்வளவுத்தா?"

ஊர்க் காரியம்தானே என்று இழுத்தேன். "உனக்கு ஊர்க் காரியம். எனக்கு நாள் போகுதுல்ல" என்றார். சென்னையில் நான் போன கலை நிகழ்ச்சிகளில் வரைந்து கொடுத்தவருக்கு ரயில் டிக்கெட்டும், முடைந்த அம்மாவுக்கு ஒரு சால்வையும் கிடைத்தது நினைவுக்கு வந்தது. நண்பர்களிடம் வசூல் செய்து, நூறு நாள் வேலைக் கூலிக்குக் குறையாமல் பேசி முடித்தேன்.

குருத்தோலையை வெட்டி, விரித்துக் காயவைத்து, ஈர்க்கை உரித்து, ஒரே அகலத்தில் வார்ந்துகொள்ள வேண்டும். முடையும் முன் தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றி வைத்தால்தான் வளையும். ஒரு மழை ராத்திரி திண்ணையிலேயே விட்டுவிட்டேன். முதல் கட்டு முழுக்கப் பூசணம்.

அப்புறம் எழுத்து. 'ப' சுலபம், நேர்கோடுதான். 'னை' வந்ததும் மாட்டிக்கொண்டோம். ஓலை குறுக்கும் நெடுக்குமாகத்தான் போகும், சுழியாது. வட்டம் எல்லாம் கட்டமாகி, எழுத்து ஜன்னல் வைத்த வீடு மாதிரி நின்றது. எழுத்தாணியால் நேராகக் கீறினால் ஓலை கிழியும் என்பதால்தான் நம் எழுத்து இத்தனை சுழித்தது என்று எங்கோ படித்திருக்கிறேன். ஓலையில் வளர்ந்த எழுத்தை ஓலையிலேயே முடைய முடியவில்லை!

இரண்டு நாள் மல்லுக்கட்டியபின் அப்பத்தா பாயைத் தள்ளி வைத்தார். "எழுத்து எதுக்குத்தா? போன மரத்துக்கு ஒரு கொட்டான்னு போட்ருவோம்."

அதன்பிறகு வேலை ஓடியது. மூடி போட்ட சின்னக் கொட்டான்கள், அதாவது ஓலைப்பெட்டிகள். முடையும்போதே இது கோணப்பனைக்கு, இது இடி விழுந்த பனைக்கு என்று பேசிக்கொண்டார்கள். மரங்களுக்குப் பெயர் இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும். ஆவணி மாதம், பழம் உதிரும் காலம். ஒவ்வொரு கொட்டானிலும் ஒரு பனங்கொட்டை போட்டோம்.

கலெக்டர் ஆபீஸ் வாசலில் மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று பைகளைச் சோதிப்பார்கள். பெண் காவலர் ஒருவர் மூடியைத் திறந்தார், பனங்கொட்டை. அடுத்தது, பனங்கொட்டை. ஏழாவதில், "எல்லாத்துலயும் இதேதானா?" என்றார்.

"ஆமா மேடம், வெட்டுன மரத்துக்கு ஒன்னு."

அப்படியும் விடாமல் 41-ஐயும் திறந்து பார்த்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்ன என்ன என்று கேட்க, பாதிக்கு மேல் அவரே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்த பேச்சைவிட அது நன்றாக இருந்தது. உள்ளே மனுவை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள், இரண்டே நிமிஷம்.

எட்டு நாள் கழித்து ஆள் வந்து கட்டைகளை எண்ணினார்கள். 43. நடுவில் இரண்டு மரம் போயிருக்கிறது. ஓடிப்போய் அப்பத்தாவிடம் சொன்னேன். ஓலை வார்ந்துகொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"அப்ப இன்னும் ரெண்டு கொட்டான். பழைய கூலிதானா?"